பேவர் கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் பேவர் பிளாக் பதிப்பது இப்போது சிற்றூர் வரை வந்துவிட்டது. வைகாசியில் போட்ட தரை ஐப்பசி மழையில் குழிவிழுந்து குட்டையாவதும் கூடவே வந்துவிட்டது. பழி கல்லின் மேல் விழுகிறது. கல் பெரும்பாலும் குற்றமற்றது. 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று ஒரே தொகையாகப் பேசி முடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அடிவேலையில்தான் முதலில் கை வைக்கிறார்கள்.

சுவரை ஒட்டி 20 அடி நீளம், தோட்டப் பக்கம் 10 அடி அகலம் உள்ள உட்காரும் இடத்தை எடுத்துக்கொள்வோம். மூலைமட்டத்துக்கு 3-4-5 கணக்கைவிட (ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 அளந்து, குறுக்கே 5 வந்தால் மூலை சரி) 6-8-10 அடியில் பிடித்தால் பிழை குறையும். பிறகு மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கமும் 22 அடி 4 அங்குலத்தை ஒட்டி வரவேண்டும். அதைவிட முக்கியம், இரண்டும் சமமாக இருப்பது. நூல் கட்டும் முளைகளை மூலையிலிருந்து இரண்டடி வெளியே தள்ளி அடியுங்கள். இல்லையென்றால் முதல் மண்வெட்டி வீச்சிலேயே நூல் போய்விடும்.

மட்டம் என்றதும் ரசமட்டக் குமிழி நாலாபுறமும் நடுவில் நிற்கவேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிப் போட்ட தரையில் தண்ணீர் நிற்கும். சுவர் ஓரமாக மட்டும் டியூப் லெவலில், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாயில் பார்த்து, ஒரே மட்டம் (குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய்). சுவரிலிருந்து தோட்டத்துக்கு 10 அடியில் 2 அங்குலம் வாட்டம். சுவர் ஓரத்திலும் தரையின் மேல்மட்டம், வீட்டு அடித்தளத்தின் ஈரத்தடுப்புப் பூச்சுக்கு 6 அங்குலமாவது கீழே இருக்கட்டும்.

நடக்கவும் நாற்காலி போடவும் 60 மி.மீ. கல் போதும். கார் ஏறுமானால் 80 மி.மீ. கல்லும் அதற்கேற்ற கனத்த அடித்தளமும் வேண்டும். 60 மி.மீ. கல், ஒன்றேகால் அங்குல மணல், 4 அங்குல ஜல்லித்தளம் என்று கூட்டினால் தரையின் மேல்மட்டத்தைக் காட்டும் நூலுக்குக் கீழே ஏழரை அங்குலம் தோண்டவேண்டும். தோண்டிய தரையும் அதே வாட்டத்தில் இருக்கவேண்டும். சுவரை ஒட்டி, கடைக்காலுக்குத் தோண்டி நிரப்பிய மண் எப்போதும் பொலபொலப்பாக இருக்கும். முதலில் உள்வாங்குவதும் அங்கேதான். அதை நனைத்து, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இடித்து இறுக்காமல் மேலே போகாதீர்கள். கரிசல் மண்ணானால் இன்னும் அரை அடியாவது எடுத்துவிட்டு கிராவல் கொட்டவேண்டும்.

ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் (கல்தூள்) கலந்த கலவை இந்த 200 சதுர அடிக்கு ஒரு யூனிட்டுக்குச் (100 கன அடி) சற்றுக் குறைவாகப் பிடிக்கும். இரண்டு அடுக்காகக் கொட்டி, லேசாக நனைத்து, ஒவ்வோர் அடுக்கிலும் பிளேட் வைப்ரேட்டர் (அதிர்ந்து தரையை இறுக்கும் பொறி) ஓட்டவேண்டும்.

பெரும்பாலான தவறு மணலில் நடக்கிறது. ஜல்லித்தளத்தின் பள்ளத்தை மணல் போட்டு நிரவுவார்கள். அன்றைக்குத் தரை கண்ணாடிபோல் இருக்கும். ஓரிடத்தில் 1 அங்குலமும் இன்னோரிடத்தில் 3 அங்குலமும் இருக்கும் மணல் ஒரே அளவில் இறங்காது. ஒரு அங்குல ஜி.ஐ. குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 33 மி.மீ.; இரண்டு குழாய்களைத் தளத்தின் மேல் கிடத்தி, இடையில் எம்-சாண்ட் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்தால் கனம் தானாகச் சீராகும். பூச்சு மணல் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இழுத்த மணலில் காலும் வைக்கக் கூடாது. பதித்த கல் மேல் நின்றபடியே முன்னேறவேண்டும். வைப்ரேட்டர் ஓட்டியதும் கல் கால் அங்குலம் வரை இறங்கும். அவ்வளவு தூக்கியே பதிக்கவேண்டும்.

200-க்கு 100 மி.மீ. செவ்வகக் கல்லானால், உடைசலையும் சேர்த்து 975 கல் வாங்கினால் சரியாக இருக்கும். கல்லுக்குக் கல் 2 முதல் 4 மி.மீ. இடைவெளி விட்டு, சலித்த காய்ந்த மெல்லிய மணலை அந்த இடைவெளிக்குள் பெருக்கித் தள்ளி, வைப்ரேட்டர் ஓட்டி, மறுபடியும் பெருக்கவேண்டும். எறும்பும் மழையும் மணலை எடுத்துவிடும் என்று சொல்லி சிமெண்ட் பால் ஊற்றுகிறார்கள். அது சீக்கிரமே வெடித்துப் பெயரும், அதற்குள் கல்லின் முகத்தையும் கறையாக்கியிருக்கும். முதல் மழை விட்டதும் இன்னொரு கூடை மணல் பெருக்கினால் தீர்ந்தது. ஓரக்கல்லுக்குப் பின்னால் கான்கிரீட் அணைப்பு இல்லாவிட்டால், எவ்வளவு மணல் போட்டாலும் வரிசை விலகிக்கொண்டேதான் போகும்.

வேப்பமரத்தைச் சுற்றி மூன்றடிச் சதுரம் விட்டுவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டி மூடியைக் கல்லுக்கு அடியில் புதைப்பவர்களை என்ன சொல்வது! தமிழகத்தில் 2003-லேயே மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. வாட்டத்தின் கீழ்முனையை உறிஞ்சுகுழியில் முடிப்பதே முறை, தெருவில் அல்ல.

தோண்டும் ஆழம், ஜல்லியின் கனம், வைப்ரேட்டர், ஓரக்கல் அணைப்பு ஆகியவற்றை ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மணல் இறங்கும் நாளில் ஒருவர் வீட்டில் இருந்து, 10 அடி மட்டப்பலகையை ஜல்லித்தளத்தின் மேல் வைத்துப் பார்க்கவேண்டும். அடியில் சுண்டுவிரல் நுழைந்தால் அந்த இடத்தை ஜல்லியால் சரிசெய்த பிறகே மணலைக் கொட்டவிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பணி மேற்பார்வையாளர்,
மதுரை.