முதல் இடத்தை விட்டுக்கொடுத்தவர்

ஆசிரியருக்கு,

குழந்தையின்மை சிகிச்சை பற்றிய தங்கள் கட்டுரையில் ஆய்வாளர் டி.சி. ஆனந்த்குமார் பெயர் விடுபட்டிருந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவுடன் சேர்ந்து அவர் உழைத்ததன் பலன்தான் 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பிறந்த ஹர்ஷா. நாட்டின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கி, பிறகு கருப்பையில் வைத்துப் பிறக்கும் குழந்தை) என்று அப்போது எல்லோரும் கொண்டாடினார்கள். அதே ஆனந்த்குமார் கருத்தடைக்கான மூக்கு ஸ்பிரே பற்றியும் ஆராய்ந்தவர். பிள்ளை வேண்டும் என்பவர், இப்போது வேண்டாம் என்பவர், இரு தரப்புக்கும் ஒரே ஆய்வாளர்!

ஆனால் எனக்கு அவர்மீது மதிப்பு கூடியது வேறு விஷயத்தில். கொல்கத்தாவின் சுபாஷ் முகர்ஜி 1978 அக்டோபர் 3 அன்றே துர்கா என்ற சோதனைக் குழாய்க் குழந்தை பிறக்க வழிசெய்திருந்தார். உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது. கருவை 53 நாட்கள் உறைநிலையில் வைத்திருந்து, பிறகு கருப்பையில் செலுத்தியதாக முகர்ஜி சொன்னார். மேற்கு வங்க அரசு அமைத்த குழு அதை நம்பவில்லை. அப்புறம் அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். ஹார்மோன் ஆய்வாளருக்குக் கண் மருத்துவத்தில் என்ன வேலை? 1981 ஜூன் 19 அன்று தற்கொலை செய்துகொண்டார். அவர் சொன்னதுபோலவே உறையவைத்த கருவிலிருந்து ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தது அதற்குப் பிறகு, 1984இல்தான்.

முகர்ஜியின் குறிப்புகளைப் படித்த ஆனந்த்குமார், இந்தியாவில் இதை முதலில் சாதித்தவர் முகர்ஜியே என்று 1997இல் 'கரண்ட் சயின்ஸ்' அறிவியல் இதழில் எழுதினார். தன் கையில் இருந்த பட்டத்தைத் தானே எடுத்துக் கொடுப்பவர்கள் எத்தனை பேர்? அடுத்த முறை இத்துறை பற்றி எழுதும்போது இருவரையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

- வாசகர், தஞ்சாவூர்