முத்துக்குமாருக்கு, தாராவியிலிருந்து அப்பா

தாராவி, மும்பை – 17
4.1.2026

அன்பு மகன் முத்துக்குமாருக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். கல்யாணில் அக்கா, மாப்பிள்ளை, குழந்தை எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த வரியைப் பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். நான் அப்படி எழுதவில்லை.

தீபாவளிக்கு நீ அனுப்பிய படத்தை அம்மா பத்துப் பேரிடம் காட்டிவிட்டாள். அந்த நீலச் சட்டை மாட்டுங்காவில் நாம் சேர்ந்து எடுத்தது. கடையில் போட்டுப் பார்த்தபோது தோளில் இறுக்கிப் பிடித்தது. ஒரு அளவு பெரியதாக எடுக்கலாமா என்று கேட்டாய். போதும் என்றேன். படத்தில் அதே சட்டை உன் தோளைவிட்டு இறங்கி நிற்கிறது. அம்மா உன் முகத்தைத்தான் பார்த்தாள். நான் சட்டையைப் பார்த்தேன்.

எடை பார்த்தாயா? ஒரகடத்தில் ஏதாவது மருந்துக்கடை வாசலில் எடை மெஷின் இருக்கும். பார்த்து எழுது. போனில் கேட்டால் "அதெல்லாம் சரியாக இருக்கிறேன் அப்பா, வைக்கிறேன்" என்கிறாய். பேச்சின் நடுவே உன் பக்கம் சத்தமே இல்லாமல் போகிறது. சிக்னல் சரியில்லை என்கிறாய். ஐப்பசியிலிருந்து இப்படித்தான். இப்போது மார்கழி முடியப்போகிறது. தலையணையில் முகத்தைப் புதைத்து இருமுகிறவரோடு நான் ஒரே அறையில் படுத்திருக்கிறேன் குமார். சத்தம் கேட்காததும் எனக்குத் தெரியும்.

ஊர்ச் செய்தி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் நம் கதவிலும் எண் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். வீடு எங்கே கிடைக்கும், கிடைக்குமா என்று சந்து முழுக்க அதே பேச்சு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். பொங்கலுக்கு 90 அடி ரோட்டில் வழக்கம்போலப் பானை வைப்பார்கள். நீ வரவில்லை என்று சொன்னது அம்மாவுக்கு வருத்தம். எனக்கும் வருத்தம்தான். ஆனால் லீவு கிடைக்காததால் வரவில்லையா, அம்மா உன்னை நேரில் பார்த்துவிடக் கூடாது என்று வரவில்லையா?

மாலையில் உடம்பு கதகதப்பாக இருக்கிறதா? இரவில் பனியன் நனைகிறதா? இதற்குப் பதில் எழுது. வேறு எதற்கும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உன்னைப் பற்றி இங்கே நான் பேசாத நாள் கிடையாது. மாஹிம் பக்கம் இட்லி வாங்கும் ஒரு பெரியவர், "உங்கள் பையன் கார் கம்பெனியில் இருக்கிறானாமே" என்று கேட்டால் அன்றைக்கு ஒரு இட்லி கூடுதலாக வைத்துவிடுவேன். பத்தாம் வகுப்பில் நீ புவியியல் தாளுக்கு இரவெல்லாம் வரைபடம் வரைந்து பழகினாய். 2020 மார்ச் 23ஆம் தேதி நடக்க வேண்டிய பரீட்சை. தள்ளிவைத்தார்கள், பிறகு ரத்து என்றார்கள். மற்றத் தாள்களின் சராசரியைப் போட்டுக் கொடுத்தார்கள். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை செப்டம்பரில் பாதியில் நின்றது. அந்தப் பதினொன்றாம் வகுப்புக்கு முழுப் பரீட்சையே கிடையாது. நீ என்ன செய்வாய்? ஆனாலும் பாலிடெக்னிக்கில் முதல் வருடம் நீ இரண்டு தாளில் தவறியபோது, "கொரோனா பேட்ச்தானே, வேறு எப்படி இருப்பாய்" என்று சொன்னேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனாய். ஊரே சொல்லட்டும், நான் சொல்லியிருக்கக் கூடாது. அதன் பிறகுதான் உன் பேச்சு குறைந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் உன்னிடமும் குறை இருக்கிறது. எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வலித்தால் சொல்ல வேண்டாமா? சின்ன வயதில் முழங்கால் கிழிந்து வந்தபோதும் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றவன் நீ. இந்த மறைக்கிற குணம் எங்கிருந்து வந்தது என்று உன் அம்மாவைக் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் என்னையே பார்த்தாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் உன் அறையில் எட்டுப் பேர் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அம்மா எடுத்துப் பார்ப்பாள். அவனுக்குச் சொல்லாதீர்கள் என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை மீறுகிறேன்.

2020இல் அம்மாவுக்கு வந்தது நெஞ்சுச் சளி இல்லை. காசநோய்.

ஊரடங்கு தொடங்கி ஒரு வாரத்தில், ஏப்ரல் 1ஆம் தேதி, தாராவியில் முதல் கொரோனா நோயாளி என்று செய்தி வந்தது உனக்கு நினைவிருக்கும். பொதுக் கழிப்பறை வரிசையில் யாராவது தும்மினால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு விலகுவார்கள். காய்ச்சல் முகாம் போட்டு வீடுவீடாக வந்தார்கள். நெற்றிக்கு நேராக அந்தத் துப்பாக்கியைக் காட்டுவார்கள், விரலில் கிளிப் மாட்டுவார்கள். அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். இன்றைக்கும் அவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. டிசம்பர் 25இல் புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை என்று அறிவித்தார்களே, அது அவர்கள் உழைப்பு. அவர்களைத்தான் நான் ஏமாற்றினேன்.

மே மாதமே அம்மாவுக்கு இருமல். மாலையானால் காய்ச்சல். முகாமுக்கு முன்னால் பாரசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்தேன். கேட்டவர்களிடம் அடுப்புப் புகை என்றேன். கொண்டுபோய்த் தனியாக வைத்துவிடுவார்கள் என்ற பயம் முதலில். அது எல்லோருக்கும் இருந்த பயம். ஜூலைக்குப் பிறகு எனக்கு இருந்தது வேறு பயம். இட்லி வியாபாரம். தாராவி ஆள் என்றாலே அடுக்குமாடி வாசலில் உள்ளே விடாத நாட்கள் அவை. இருமுகிற பெண் வீட்டில் வெந்த இட்லி என்று ஒரு வாய் சொன்னால் போதும், சைக்கிளை விற்றுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். காசநோய் சாப்பாட்டில் பரவாது என்று டாக்டர் பிறகு சொன்னார். அதை நான் தெருவில் யாரிடம் போய் விளக்குவது என்று நினைத்தேன். அம்மாவை மாவுப் பக்கம் விடவில்லை. அரைப்பதையும் நானே பார்த்துக்கொண்டேன். டாக்டரிடம் மட்டும் கூட்டிப் போகவில்லை. தெருமுனை கிளினிக் பூட்டிக் கிடந்தது உண்மை. பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லாம் கொரோனா நோயாளிகள் என்றதும் உண்மை. ஆனால் நான் போகாததற்கு அவை காரணம் இல்லை.

அக்டோபர் கடைசியில் சளியில் இரத்தம் கண்டபோதுதான் போனோம். ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நீ அம்மா பக்கத்தில் படுத்திருந்தாய்.

நவம்பரில் சுகாதாரப் பணி செய்யும் ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்றார். "மகன் ஊருக்குப் போய்விட்டான்" என்றேன். ரயிலேறிப் போனவர்கள் அவ்வளவு பேர் இருந்ததால் அவர் நம்பிவிட்டார். நீ அப்போது பரணில் இருந்தாய். ஆன்லைன் வகுப்பு. காதில் இயர்போன். உன் கால் மட்டும் ஏணிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கக் கூடாதே என்று வாசலை மறைத்து நின்றேன். உன் பெயர் அந்த நோட்டில் ஏறினால் கல்லூரியில் தெரியும், தெருவில் தெரியும் என்று பயந்தேன். உனக்காகச் செய்ததாகப் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். வியாபாரத்துக்காகவும் செய்தேன்.

இரத்தம் ஊற மாத்திரை என்று சொல்லித்தான் அம்மா ஆறு மாதம் அதை உன் முன்னால் விழுங்கினாள். சத்தான சாப்பாட்டுக்கு என்று அரசு மாதம் 500 ரூபாய் அவள் கணக்கில் போட்டது. வந்த பணத்தில் முட்டை வாங்குவாள் என்று நினைத்தேன். உனக்கு ரீசார்ஜ் செய்தாள். வகுப்பு நின்றுபோகக் கூடாது என்றாள். 2021 ஏப்ரலில், இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்காக ஊர் அலைந்துகொண்டிருந்தபோது, அவள் கடைசி மாத்திரையை முடித்தாள். குணமாகிவிட்டது. ஆனால் தாமதமாகப் போனதால் ஒரு பக்க நுரையீரல் சுருங்கிவிட்டது. பரணுக்கு ஏற முடியாமல் பாதி ஏணியில் நிற்கிறாளே, அது வயதால் வந்ததில்லை.

நாட்டில் 2019இல் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள், 2020இல் 18 லட்சம்தான் என்று பேப்பரில் படித்தேன். நோய் குறையவில்லை. என்னைப்போல வீட்டுக்குள் பூட்டிவைத்தவர்களும், போக வழியில்லாதவர்களும்தான் அந்த ஆறு லட்சம்.

இந்தக் கிருமி உடம்புக்குள் வருடக்கணக்கில் சும்மா கிடக்குமாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, உடம்பு தளர்ந்தால் எழுந்துகொள்ளுமாம். நீ இரவு ஷிப்ட் பார்க்கிறாய். மெஸ் சாப்பாடு. எனக்குத் தூக்கம் வரவில்லை குமார்.

உனக்கு அதுவாக இருக்காது. வெறும் தூசி இருமலாகவே இருக்கட்டும், முருகன் காப்பாற்றுவான். ஆனால் போ. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். டப்பா அங்கேயே தருவார்கள். காலையில் எழுந்ததும் வரும் சளியைக் கொடு. அம்மாவுக்கு இருந்தது என்று தயங்காமல் சொல். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒருவேளை இருந்தால் ஆறு மாதம் மாத்திரை, முழுதாகக் குணமாகும், அம்மாவே சாட்சி. உன் அறைப் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்வார்கள். அவர்கள் பெயர்களை ஒன்று விடாமல் சொல். அவர்களுக்கும் வீட்டில் அப்பா இருப்பார்.

லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களே என்று நினைக்காதே. 3,000 ரூபாய் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். எடை பார். போனதும் எனக்குத் தெரிவி. கோபம் இருந்தால் அதையும் எழுது, படிப்பேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அம்மாவின் சிகிச்சை அட்டையை ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டு. அதில் வீட்டில் உடன் இருப்பவர்கள் என்ற கட்டத்தில் ஒருவர் என்றுதான் இருக்கும். இரண்டு பேர் என்று நீ சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா