கொடுங்கையில் இருக்கும் கூடு

அன்புள்ள தம்பிக்கு,

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கோத்தகிரித் தெருவின் மாரியம்மன் கோயில் சாரத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடி கேட்டீர்கள்: "டீச்சர், பத்து வருசமா கொடுங்கையில கூடு வைக்கிறேன். இதுக்கு ஏன் கூடுன்னு பேரு? புறாக்கூடா?" முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படித்தேன், பழைய போட்டோக்களைத் தேடி எடுத்தேன். கூடுகள் இன்னும் மேலே ஏறவில்லை, அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். கோயில் சிற்ப வேலையில் இருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன். தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கோயில் சுவருக்கு மேலே வெளியே வளைந்து நீளும் கூரை விளிம்புதான் கொடுங்கை, அதன்மேல் வரிசையாக வைக்கிற குதிரை லாட வடிவ வளைவு அலங்காரம்தான் கூடு.

புறா என்று நீங்கள் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. கொடுங்கையை வடமொழிச் சிற்ப நூல்கள் கபோதம் என்கின்றன. கபோதம் என்றால் புறாதான். ஆனால் மாமல்லபுரத்தில் பல்லவர் செதுக்கிய கூடுகளைப் பாருங்கள், உள்ளே பறவை இல்லை, மனித முகம் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கிற யாரோ தெருவை எட்டிப் பார்ப்பது போல, 7ஆம் நூற்றாண்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிற முகங்கள்.

ஏனென்றால் கூடு என்பது ஜன்னல். வளைந்த கூரை போட்ட ஒரு வீட்டின் முகப்பு என்றால் இன்னும் சரி. வடமொழியில் கவாட்சம் என்றார்கள், பசுவின் கண் என்று பொருள். நம் சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளுக்கு 'மான்கண் காலதர்' உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண் போன்ற காற்று வழி! வடிவம் இதேதான் என்று சொல்ல வரவில்லை. ஜன்னலைக் கண்ணாகப் பார்க்கிற மனசு இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது. உங்கள் ஆட்கள் நாசிக்கூடு என்கிறீர்களே, அந்த நாசி மூக்கு.

கல்லில் இந்த வளைவு வருவதற்கு முன்னால் அது மரத்திலும் மூங்கிலிலும் இருந்தது. பீகாரில் பராபர் குன்றுகளில் லோமச ரிஷி குகை என்று ஒன்று, கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் வாசலை ஒரு மரக்குடிசையின் முகப்பு மாதிரியே கருங்கல்லில் வெட்டியிருக்கிறார்கள், கூரைச் சட்டங்களின் நுனிகள்கூட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மகாராஷ்டிராவில் கார்லே குகை அதைவிட ஆச்சரியம். மலையைக் குடைந்து எடுத்த கூரையைத் தாங்க மரம் எதற்கு? இருந்தும் வளைந்த மரச்சட்டங்களை வரிசையாகப் பொருத்தியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடம் கழித்தும் அந்த மரம் அங்கே இருக்கிறது. கல்லுக்கு மாறிய பிறகும் பழைய வீட்டைக் கைவிட அவர்களுக்கு மனம் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். வேலை இல்லாத நாளில் ஊட்டிக்குப் பஸ் ஏறுங்கள். தாவரவியல் பூங்காவின் மேல்பக்கம் தோடர் மந்து ஒன்று, அதாவது நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் குடியிருப்பு, இருக்கிறது. இப்போது தோடர்கள் பெரும்பாலும் நம்மைப் போல சிமெண்ட் வீட்டில்தான் இருக்கிறார்கள், ஆனாலும் பழைய மாதிரி வீட்டை அங்கே பார்க்கலாம். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்தது. கூரைதான் சுவர், தரை வரை இறங்கிவிடும். குனிந்து நுழைகிற அளவுக்குத்தான் வாசல். அங்கிருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு நேர் எதிரே நின்று பாருங்கள். பத்து வருடமாக நீங்கள் வைக்கிற கூடு ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நிற்கும். தோடர் வீட்டிலிருந்துதான் கூடு வந்தது என்று நான் சொல்லவில்லை. மூங்கிலை வளைத்தால் கிடைக்கிற வடிவம் இது, எந்த ஊரில் வளைத்தாலும்.

அப்புறம், பெயர். சின்ன வயதில் கூண்டு வண்டி பார்த்திருப்பீர்கள். பின்னால் நின்று பார்த்தால் அதே வளைவு, உள்ளே ஒரு பாட்டியின் முகம். குருவிக்கு, தேனீக்கு, உயிருக்கு என எல்லாவற்றுக்கும் நாம் கூடு என்கிறோம். உள்ளே ஒன்று குடியிருந்தால்தான் அதற்குக் கூடு என்று பெயர். என் தமிழுக்கு எட்டிய பதில் இதுதான்.

கூடு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடு போலத் தட்டையாக இருக்கும், சோழர் காலத்தில் அங்கே சிங்கமுகம் ஏறிவிட்டது. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர், இப்படிப்பட்ட மாற்றங்களை வைத்தே ஒரு கோயிலின் காலத்தைச் சொல்லலாம் என்று 1914இல் வெளியான தன் நூலில் காட்டினார். உங்கள் கை வைப்பதையும் ஒருநாள் யாராவது அப்படிப் பார்ப்பார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். சாரத்தடியில் அடுக்கியிருக்கிற, அச்சில் வார்த்த கூடுகளைப் பார்த்தேன். நடுவில் குழியே இல்லை, தட்டையாக ஒரு பூ. இந்த மூடுபனியில் சிமெண்ட் காய்வதே பெரும்பாடு, கும்பாபிஷேகத் தேதியும் நெருங்குகிறது, புரிகிறது. எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. கிழக்குப் பக்கத்து நாலு கூட்டை மட்டும் கையாலேயே செய்யுங்கள். நடுவைக் குடைந்து உள்ளே முகம் வையுங்கள். அதில் ஒன்றாவது, தலையில் துணி கட்டித் தேயிலை பறிக்கிற நம் அக்கா ஒருத்தியின் முகமாக இருக்கட்டும். கமிட்டியில் நான் பேசிக்கொள்கிறேன், ஆகிற கூடுதல் கூலியும் என் பொறுப்பு.

மாமல்லபுரம் போட்டோக்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். நாளை பதினோரு மணி டீயோடு கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
டீச்சர்