ஆடிச் சாரலுக்கு விமானம் ஏறி வருகிறவர்கள்

சலாலா

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. குற்றாலத்தில் இந்த வருஷம் சீசன் நன்றாக இருப்பதாக நீ எழுதியதைப் படித்ததும் வயிற்றெரிச்சல்தான். மஸ்கட்டில் இருக்கும் மகன் உங்களை ஜூலையிலேயே இங்கே கூட்டிவருவதாகச் சொல்கிறான், வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பதுதான் என் பதில்.

ஓமன் போன்ற பாலைவன நாட்டில் சின்ன ஏர்போர்ட், ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன் என்றுதானே நினைத்தாய்? ஒன்பது மாதம் கிட்டத்தட்ட அப்படித்தான். ஜூன் கடைசியில் கரீஃப் என்கிற இந்த ஊர் மழைக்காலம் தொடங்கியதும் கதை மாறிவிடும். உனக்கு அங்கே சாரல் தருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இங்கேயும். அந்தக் காற்றில் கரையோரக் கடலின் அடித்தண்ணீர் மேலே வந்து குளிர்ந்துவிடுகிறது. அதைத் தொட்டு வரும் ஈரக்காற்று சலாலாவுக்குப் பின்னால் இருக்கும் தோஃபார் மலைகளில் முட்டி, மேலே போக வழியில்லாமல் மூடுபனியாகவும் தூறலாகவும் நின்றுவிடும். மலைக்கு அந்தப் பக்கம் போனால் ஒரு சொட்டு கிடையாது, வெறும் மணல்தான். மஸ்கட் நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது இங்கே இருபத்தைந்து, இருபத்தாறுதான். வளைகுடாக்காரர்கள் குடும்பத்தோடு நனைய வருகிறார்கள். நாம் குடை தேடுவோம், அவர்கள் பிள்ளைகளைத் தூறலில் நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும்போது பறங்கிச் சாம்பிராணிப் பொட்டலமும் இளநீர்க் காயும் பெட்டி பெட்டியாக பெல்ட்டில் ஏறும். தூக்குகிறவனுக்குத்தான் அதன் கனம் தெரியும்!

2015-இல் திறந்த இந்த டெர்மினல் வருடத்துக்கு இருபது லட்சம் பேருக்கென்று கட்டியது. ஜனவரியில் பார்த்தால் எதற்கு இவ்வளவு பெரிதாக என்று தோன்றும். ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை ஒன்றில் வந்து பார், கட்டியவன் கணக்குத் தெரிந்தவன் என்பாய்.

இந்த இடத்துக்கு வேறொரு பழைய கதையும் உண்டு. 1977 வரை பிரிட்டிஷ் விமானப்படை இங்கே இருந்தது. சுல்தானை எதிர்த்து நடந்த தோஃபார் போர்க் காலத்தில் மலையிலிருந்து போராளிகள் ஓடுபாதையை நோக்கிக் குண்டு வீசுவார்களாம். 1970-இல் சுல்தானின் மகன் காபூஸ் ஆட்சியைப் பிடித்தபோது, தகப்பனை விமானத்தில் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்பியதும் இங்கிருந்துதான். இன்று அதே மலையைப் பார்க்க டிக்கெட் எடுத்து வருகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாரலுக்காக நீ இங்கே வரவேண்டியதில்லை, அது உன் வாசலிலேயே இருக்கிறது. அக்டோபரில் வா. பனி விலகியிருக்கும், மலைப் பச்சை இன்னும் காய்ந்திருக்காது, ஹோட்டல் வாடகையும் இறங்கியிருக்கும். வாதி தவ்காவில் சாம்பிராணி மரங்களைக் காட்டுகிறேன்; யுனெஸ்கோ 2000-லேயே பட்டியலில் சேர்த்த இடம். கடற்கரையில் பலீத் என்ற பழைய துறைமுக நகரத்தின் இடிபாடுகளும் இருக்கின்றன. தங்கச்சிக்குத் தென்னையும் வாழையும் பார்த்தாலே போதும், ஊர் ஞாபகம் வந்துவிடும்.

மகன் காரில் வரலாம் என்பான், கேட்காதே. ஆயிரம் கிலோமீட்டர், பெரும்பாலும் மொட்டைப் பாலைவனம். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். ஜன்னல் சீட் கேட்டு வாங்கு. மணல் முடிந்து மலை பச்சையாவது மேலிருந்துதான் நன்றாகத் தெரியும். தேதி முடிவானதும் எழுது, அந்த வாரம் நைட் ஷிஃப்ட் விழாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்