பீரோ கோத் ஆகாது

அல்சூர், மர்பி டவுன், லிங்கராஜபுரம், ராமமூர்த்தி நகர் பக்கம் குடியிருக்கும் நம் முன்னாள் படைவீரர்களுக்கும், பெங்களூரில் கன்மேன் (துப்பாக்கி ஏந்திய காவலர்) வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். ஆயுத பூஜை வருகிறது. நம்மில் பலர் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோர் கண்ணிலும் ரிவால்வர் படுவது அன்றைக்குத்தான். மனைப்பலகையில் அரிவாள்மணை, ஸ்பேனர், பேரனுடைய ஜாமெட்ரி பாக்ஸ், நடுவில் சந்தனம் குங்குமம் வைத்த பாயிண்ட் 32. சுற்றிச் சின்னப் பிள்ளைகள். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. "தாத்தா மிலிட்டரி, அவருக்குத் தெரியாதா?" என்ற நம்பிக்கை. (ஈரச் சந்தனம் இரும்பில் துருவைத்தான் வளர்க்கும். பொட்டு வைத்தே ஆகவேண்டும் என்றால் பெட்டிக்கு வையுங்கள்.) பூஜை முடிந்ததும் அந்த ரிவால்வர் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

நான் சர்வீஸில் கோத், அதாவது படைப்பிரிவின் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் என்.சி.ஓ.வாக (ஹவில்தார் மாதிரி பதவி) இருந்தவன். கோத்தில் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. துப்பாக்கிக் கட்டையில் எழுதியிருக்கும் பட் நம்பர் பார்த்து, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்காமல் சுபேதார் சாபுக்குக்கூட ஆயுதம் கொடுக்க மாட்டோம். ஆயுதம் கோத்தில், தோட்டா மேகசின் என்னும் தனிக் கிடங்கில். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்காது, ஒரே ஆள் கையில் இரண்டு சாவியும் இருக்காது. ரேஞ்சில் சுட்டு முடிந்தால் 'ஜாஞ்ச் சஸ்த்ர', அதாவது ஆயுதச் சோதனை. "என்னிடம் தோட்டாவோ காலி கேஸோ இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவோம். இத்தனை காலம் இப்படிப் பழகிய கை, பென்ஷன் வந்ததும் லோடு செய்த ரிவால்வரைப் பட்டுப்புடவைக்கு அடியில் செருகிவிட்டு பீரோவைச் சாத்துகிறதே, அது எப்படி?

பீரோ என்றால் பூட்டு இருக்கிறதே என்பீர்கள். சாவி எங்கே இருக்கிறது? சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டிரம்மில், இல்லாவிட்டால் அதே பீரோவின் மேல்தட்டில். சீட்டுப் பணம் எடுக்க அம்மா திறக்கிறாள், ஆதார் கார்டு தேட மகன் திறக்கிறான், வளையல் பார்க்க மருமகள் திறக்கிறாள். ஒரு நாளைக்கு நாலு பேர் திறந்து மூடும் இடம் அது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஐந்து வயசுப் பிள்ளைக்கு அந்தச் சாவியின் இடம் உங்களைவிட நன்றாகத் தெரியும்.

"டிரிகர் கனம், பிள்ளையால் இழுக்க முடியாது" என்று சமாதானம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் பீகார் மாநிலம் சுபௌல் மாவட்டத்தில் நர்சரி படிக்கும் ஐந்து வயசுப் பையன் வீட்டிலிருந்த துப்பாக்கியைப் பைக்குள் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டான். இன்னொரு சிறுவனுக்குக் கையில் குண்டு பாய்ந்தது. ஒரு விரலால் முடியாததைப் பிள்ளைகள் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்துவார்கள். தோட்டாவைத் தட்டும் ஹேமரைப் பின்னால் இழுத்துவிட்டால் அந்தக் கனமும் கிடையாது.

பெரியவர்களுக்கும் இது உண்டு. அதே வருஷம் அக்டோபர் 1 அதிகாலையில் மும்பை ஜுஹுவில் இந்தி நடிகர் கோவிந்தாவுக்குக் காலில் குண்டு பாய்ந்தது. லைசென்ஸ் உள்ள சொந்த ரிவால்வர்தான். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை எடுத்து வைக்கும்போது கைதவறி விழுந்து வெடித்தது என்று செய்தி வந்தது. பழைய ரிவால்வர் பலவற்றில் ஹேமர் நேராகத் தோட்டாவின் பின்பக்கத்தின்மேல் உட்கார்ந்திருக்கும், கீழே விழுந்தால் அந்த அடி ஒன்று போதும். சிலிண்டர் காலியாக இருந்திருந்தால் அன்று கீழே விழுந்தது வெறும் இரும்புதான்.

ஆகவே முதல் வேலை காலி செய்வது. கன்மேன் டியூட்டி முடித்து நடுராத்திரி வருகிற தம்பிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பசி, தூக்கம், பெல்ட்டோடு கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். வாசலிலேயே, ஆள் இல்லாத பக்கம், மணல் நிரப்பிய பக்கெட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முனை அதை நோக்கி, விரல் டிரிகருக்கு வெளியே. ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையையும் கண்ணால் பார்த்து விரலாலும் தடவுங்கள். பிஸ்டல் என்றால் முதலில் தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டு, அப்புறம் மேலுள்ள ஸ்லைடை இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பரைப் பாருங்கள். இந்த வரிசை மாறினால் காலி என்று நினைத்த பிஸ்டலில் ஒரு தோட்டா மிச்சம் இருக்கும், ஆளைக் கொல்வது அதுதான்.

அடுத்தது பெட்டி. ஹோட்டல் அறைகளில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி சின்ன டிஜிட்டல் சேஃப் போதும். ஆனால் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இறுக்காத சேஃப் திருடனுக்குக் கைப்பிடி இல்லாத சூட்கேஸ், அப்படியே தூக்கிக்கொண்டு போவான். கடையிலிருந்து வந்த நம்பரை அன்றைக்கே மாற்றுங்கள். பேரன் பிறந்த தேதி வேண்டாம். கூடவே வரும் மாற்றுச் சாவியை அதே பீரோவில் போடாதீர்கள். தோட்டாவுக்கு வேறு பூட்டு, வேறு இடம். டிரிகர் லாக் வாங்கினால் காலியான துப்பாக்கிக்கு மட்டும் மாட்டுங்கள், லோடு செய்ததில் அதை மாட்டுவதே ஆபத்து. தோல் உறையோடு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று பக்கத்தில் போடுங்கள்.

"திருடன் வந்து நிற்கும்போது நம்பர் அழுத்திக்கொண்டிருப்பேனா?" இந்தக் கேள்வி நிச்சயம் வரும். நியாயமான பயம்தான், அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பெரும்பாலும் திருடன் பூட்டிக் கிடக்கும் வீட்டைத்தானே தேடுவான்? அப்போது உங்கள் தலையணைக்கு அடியில் இருந்த ரிவால்வர் அவன் கைக்குப் போகும். பிறகு அது எந்த ஊரில் யார்மேல் வெடித்தாலும், அதன் நம்பரைப் பிடித்துக்கொண்டு போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்.

பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வேலூர், திருப்பத்தூர் என்று வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறோம். கையோடு கொண்டுபோகலாம் என்றால் லைசென்ஸில் எந்த எல்லை வரை என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். கர்நாடகம் மட்டும் என்றால் மாநில எல்லையைத் தாண்டி ஓசூர் பக்கம் போனாலே குற்றம். வங்கி லாக்கரும் ஆகாது, லாக்கர் ஒப்பந்தத்திலேயே ஆயுதம் கூடாது என்று இருக்கும். மச்சான் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதோ இன்னும் மோசம், லைசென்ஸ் உங்கள் பெயரில்தானே? பாதுகாப்பில் வைக்க உரிமம் உள்ள ஆயுதக் கடையில் டெபாசிட் செய்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறோமே, அந்தப் பழக்கம்தான்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன். வீட்டில் யாராவது மனசு உடைந்து இருந்தால், வேலை போன மகனோ, குடி அதிகமான தம்பியோ, மனைவியை இழந்த நீங்களேயோ, அந்தக் காலம் கடக்கும்வரை துப்பாக்கி வீட்டில் இருக்க வேண்டாம். கடையில் டெபாசிட் செய்துவிடுங்கள். அந்த ஒரு நிமிஷ வேகத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் ஓர் உயிர் பிழைக்கும். யாரும் உங்களைக் கோழை என்று சொல்லப்போவதில்லை.

சட்டம் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. 2016 ஆயுத விதிகளின்படி விண்ணப்பிக்கும்போதே பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பூஜை முடிந்து மொட்டைமாடியில் ஒரு ரவுண்ட் வானத்தில் விடும் ஆசை உள்ளவர்களுக்கு மட்டும்: 2019 திருத்தத்துக்குப் பிறகு, கொண்டாட்டம் என்று சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நம் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. பூஜைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவோம். சேஃப் விற்கும் கடைக்காரர் ஒருவரை அழைத்து, மொத்தமாக வாங்கினால் என்ன விலை என்று பேசலாம். வாடகை வீட்டுக்காரர்கள், சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார் என்றால், பீரோவின் உள்தகட்டிலேயே போல்ட் போட முடியுமா என்று கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளலாம். வீட்டம்மாக்களையும் அழைத்து வாருங்கள். வீட்டுக்காரர் காலமான பிறகு அந்தத் துப்பாக்கியை என்ன செய்வது, எந்த ஸ்டேஷனில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிக்கப்போவது அவர்கள்தான்.

வரும்போது லைசென்ஸ் புத்தகமும், சேஃப் வைக்கப்போகும் இடத்தின் நீள அகலமும் இருந்தால் போதும். காட்டுகிறேன் என்று யாரும் துப்பாக்கியைக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவன்,
லிங்கராஜபுரம், பெங்களூரு