வகுப்பறைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வல்லுநரை அனுப்பக் கோரி மூன்றாம் முறையாக அளிக்கும் மனு

அனுப்புநர்:
மூன்றாம் வகுப்பு மாணவனின் தாய் மற்றும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஏரிக்கரை.

பெறுநர்:
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: ஆட்டிசம் உள்ள மாணவன் படிக்கும் வகுப்பின் ஆசிரியர்களுக்கு நேரடிப் பயிற்சியும் தொடர் வழிகாட்டுதலும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர் நாளில் 14.7.2025 மற்றும் 8.9.2025 அன்று நான் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏரிக்கரையில் உள்ள எங்கள் பள்ளி தாங்கள் அறிந்ததுதான். ஜூன் மாதம் புதிய வகுப்பறையைப் பார்வையிட வந்தபோது தங்கள் வண்டி நின்ற புளியமரத்துக்கு நேர் எதிரே ஒரு திண்ணை இருக்கிறது. பள்ளி நடக்கும் நாளெல்லாம் காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நான் அந்தத் திண்ணையில்தான் இருக்கிறேன். அன்றும் இருந்தேன். ஏரிப் பக்கம் சுற்றுச்சுவர் இல்லாததைத் தாங்களே பார்த்தீர்கள்.

என் மகனுக்கு 8 வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. அடையாள அட்டை இருக்கிறது, எமிஸ் என்ற பள்ளி மாணவர் விவரப் பதிவிலும் ஏற்றியிருக்கிறார்கள். படிப்பு வராதவன் இல்லை. எண்ணும் எழுத்தும் திட்டக் கணக்குப் புத்தகத்தில் அரும்பு, மொட்டு தாண்டி மலர் நிலைக்கு வந்துவிட்டான். அவனால் தாங்க முடியாதது சத்தம் ஒன்றுதான். தண்டவாளத் துண்டில் மணி அடித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடுவான். எங்கே ஓடுகிறோம் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு முறை தண்ணீர் ஓரத்தில் பிடித்தோம். அதற்கப்புறம்தான் பள்ளியில் "நீங்களே கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். என் தையல் மிஷின் ஒன்றரை வருடமாகப் பெரும்பாலும் மூடியே கிடக்கிறது.

தங்கள் மேலான கவனத்துக்குச் சிலவற்றைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்:

1. ஆசிரியர்கள் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. மூன்று வகுப்பும் ஒரே அறையில், 31 பிள்ளைகள், ஒரே டீச்சர். "இவனை எப்படிப் பார்த்துக்கணும்னு எனக்கு யாருமே சொல்லித் தரலைங்க" என்று அவரே என்னிடம் கண் கலங்கினார்.

2. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் 15 நாளுக்கு ஒருமுறை வருகிறார். அவர் கையில் எத்தனை பள்ளிகள் என்பது தங்களுக்குத் தெரியும். வந்தால் என் மகனை மரத்தடிக்குக் கூட்டிப் போய் ஒரு மணி நேரம் சொல்லித் தருவார். அந்த நேரத்தில் டீச்சர் உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருப்பார். இருவரும் உட்கார்ந்து பேச ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

3. ஐயா, இதை மட்டும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். போன ஆண்டு அந்தப் பயிற்றுநர் ஒரு படப் பட்டை செய்து சுவரில் ஒட்டினார். பிரார்த்தனை, கணக்கு, மணி, சாப்பாடு, வீடு என்று வரிசையாகப் படங்கள். ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தை என் மகனே திருப்பி வைப்பான். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அப்போதைய டீச்சர் மணிப் படத்தைத் தொட்டுக் காட்டுவார். அவன் தானாக எழுந்து பின் மூலைக்குப் போய்க் காதைப் பொத்தி உட்காருவான். மணி ஓய்ந்ததும் வந்துவிடுவான். அவ்வளவுதான். 23 பள்ளி நாட்கள் என் மகன் ஓடவில்லை. நான் எண்ணி வைத்திருக்கிறேன். கடைசி வாரம் திண்ணையில் உட்காராமல் வீட்டுக்கே போய் இரண்டு ஜாக்கெட் தைத்தேன். பிறகு அந்த டீச்சருக்கு மாறுதல் வந்தது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பட்டையைக் குப்பை என்று நினைத்து யாரோ கிழித்துப் போட்டுவிட்டார்கள். அது எதற்காக அங்கே இருந்தது என்று பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது! புது டீச்சர் மணி நேரத்தில் அவன் ஓடாமலிருக்கக் கையை இறுக்கிப் பிடித்தார். அவர் நல்லதற்குத்தான் பிடித்தார். மிரண்டு போயிருக்கும் நேரத்தில் இவனைப் பிடிக்கக் கூடாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? கடித்துவிட்டான். மறுநாள் நான்கு பெற்றோர் வந்து "இவனை வேறு பள்ளிக்கு அனுப்புங்கள்" என்றார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை, ஐயா. 23 நாள் அமைதியாக உட்கார்ந்திருந்த பிள்ளை.

4. பயிற்சியே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. டீச்சர்கள் செல்போனில் பயிற்சி வீடியோ பார்க்கிறார்கள், கேள்விக்கு விடை தருகிறார்கள், சான்றிதழ் வருகிறது. சரி. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு 10.50 மணிக்கு மணி அடிக்கும்போது டீச்சர் என்ன செய்வார்?

5. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 17, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் உள்ளடக்கிய கல்விக்குத் துணை நிற்க ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி தருவது அரசின் கடமை என்கிறது. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மறுபடியும் சொன்னது. அது நடக்கும்போது நடக்கட்டும். என் மகன் அதற்குள் ஐந்தாம் வகுப்பு முடித்துவிடுவான்.

6. இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஐந்தாம் வகுப்பில் காது கேட்காத பெண் பிள்ளை ஒன்று உதட்டைப் பார்த்துத்தான் பாடம் புரிந்துகொள்கிறது. சார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசுகிறார். பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்று பேசுங்கள் என்று சொல்ல ஒரு ஆள் போதும்.

முதல் மனுவுக்கு "வட்டார வள மையத்துக்கு அனுப்பப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. இரண்டாவது மனுவுக்கு "தீர்வு காணப்பட்டது" என்று வந்தது. என்ன தீர்வு, ஐயா? யார் வந்தார்கள்? திண்ணையில் இருக்கும் எனக்குத் தெரியாமல் யார் வந்து போனார்கள்? கோபமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது.

நான் கேட்பது இதுதான். சிறப்புக் கல்வி படித்த வல்லுநர் ஒருவர் ஐந்து நாள் எங்கள் வகுப்பறைக்குள் இருந்து, டீச்சர் பக்கத்திலேயே நின்று செய்து காட்ட வேண்டும். சென்னை பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது, சிறப்பாசிரியர் படிப்பே அங்கு நடக்கிறது. அங்கிருந்தோ வேறு இடத்திலிருந்தோ ஏற்பாடு செய்யுங்கள். தலைமையாசிரியரும் சத்துணவு அக்காவும் அந்தப் பயிற்சியில் இருக்க வேண்டும், அவன் ஓடினால் முதலில் பார்ப்பது அந்த அக்காதான். அப்புறம் மாதம் ஒருமுறை வல்லுநர் திரும்ப வர வேண்டும். எது பலித்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஆசிரியர் மாறும்போது அடுத்தவரிடம் அதை ஒப்படைக்க வேண்டும். வெள்ளையடித்தாலும் அந்த நோட்டு இருக்கும்.

தயவுசெய்து அனுப்புங்கள், ஐயா. அதற்கு முன் தாங்களே ஒருநாள் வாருங்கள். 10.50 மணிக்கு இடைவேளை மணி. 10.45-க்கு வந்து திண்ணையில் என் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவனின் தாய்

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், அடையாள அட்டை நகல், படப் பட்டை ஒட்டியிருந்த சுவரின் புகைப்படம் 1.