வேகத்தை விட காற்றழுத்தம் முக்கியம்

ஆசிரியருக்கு,

2025 ஜனவரியில் பூம் நிறுவனத்தின் எக்ஸ்பி-1 சோதனை விமானம் ஒலி வேகத்தைத் தாண்டியதிலிருந்து எல்லோரும் ஒலியை விட வேகமாகப் பறந்த கொன்கோர்ட் பயணிகள் விமானத்தின் காலம் திரும்புகிறது என்கிறார்கள். சரி, வரட்டும். என்னைப் போன்ற முழங்கால் வலிக்காரிக்கு போயிங் 787 செய்ததுதான் பெரிய விஷயம். அதன் எடையில் பாதியளவு காபன் இழைக் கலவை, அலுமினியம் போல அழுத்தம் ஏறி இறங்கித் தளர்வதோ அரிப்பதோ இல்லை, அதனால்தான் உள்ளே பழைய விமானங்களைப் போல 8,000 அடி உயரத்து மெல்லிய காற்றுக்குப் பதிலாக, 6,000 அடி உயரத்துக்கான கூடுதல் காற்றழுத்தமும் கொஞ்சம் கூடுதல் ஈரப்பதமும் வைக்க முடிகிறது. மகளிடம் போய் வந்தபோது தொண்டை வறளவில்லை, தலையும் இடிக்கவில்லை.

யன்னலுக்கு மறைப்பே கிடையாது, பொத்தானை அழுத்தினால் கண்ணாடி நீலமாக இருள்கிறது. பக்கத்து இருக்கை ஐயா மட்டும் எதையோ இழுத்து மூடக் கடைசிவரை தேடிக்கொண்டே இருந்தார். கால் நீட்ட இடம்தான் பழையபடி, வெள்ளவத்தை பஸ் மாதிரி.

வாசகி ஒருவர்,
கொழும்பு 06